கதவின் பாரமும் குழந்தையின் கையும்

வீட்டுக்குக் கதவு அமைப்பது காவலுக்காக. கள்வரும் விலங்கும் புறத்தே நிற்க, மனையில் உள்ளோர் அச்சமின்றிக் கண்ணயர வேண்டும் என்பதே அதன் நோக்கம். அவ்வாறு காக்கப்படுவோருள் முதலிடம் பெறுவது குழந்தை. ஆயினும், எந்தக் குழந்தையைக் காக்கும்பொருட்டுக் கதவு அமைக்கப்பட்டதோ, அந்தக் குழந்தைக்கே அது பகையாக மாறும் நிலையும் உண்டு. கடந்த நூறாண்டுக் காலத்திற் கதவு பெரிதாயிற்று; பாரமாயிற்று; பின்னர் மின்விசையால் தானே இயங்கவும் தொடங்கிற்று. இம்மாற்றத்தின் ஒவ்வொரு படியிலும் கதவுக்கும் குழந்தைக்கும் இடையிலான உறவு மாறி வந்துள்ளது. பெருநகரங்களுக்கு மட்டும் உரிய மாற்றமன்று இது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கரடியனாறு போன்ற உழவர் ஊர்களிலும் அது நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

மட்டக்களப்பு நாட்டை வாவி இரு கூறாகப் பிரிக்கின்றது. ஞாயிறு எழும் கடற்புறம் எழுவான்கரை. அது படும் மேற்குப்புறம் படுவான்கரை. கரடியனாறு, செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் நெடுவீதியில், வயலும் மேய்ச்சல் நிலமும் காடும் சூழ அமைந்த ஊர். இத்தகைய ஊர்களின் பழைய வளவுகளுக்கு மதில் இருந்ததில்லை. கம்பும் அலம்பலும் கொண்டு கட்டிய வேலி. வேலியின் இடையே ஒரு கடப்பு. கடப்பை மறிக்க இரண்டு மூன்று குறுக்குத் தடிகள், அல்லது கிடுகு வரிந்த ஒரு படலை. மாடு புகாமல் தடுப்பதே அதன் முதன்மையான வேலை. அப்படலையைப் பிடித்துத் தொங்கி ஊஞ்சலாடாத பிள்ளை அந்நாளில் இருந்திருக்க முடியாது. படலை சரிந்து மேலே விழுந்தாலும் முழங்காலிற் சிராய்ப்போடு விடயம் முடிந்துவிடும். ஏனெனில், அந்தக் கதவின் வலிமை அதனைத் திறந்து மூடும் மனிதக் கையின் வலிமையை மிஞ்சியதன்று. எந்தக் கதவு தன்னை இயக்கும் கையைக் காட்டிலும் வலிமை பெறுகின்றதோ, அங்கேதான் ஆபத்து பிறக்கின்றது.

படுவான்கரையின் வாழ்வு போரினாற் பலமுறை சிதறுண்டது. 2007 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தபோது வேலியும் இல்லை, கடப்பும் இல்லை. பல வளவுகளில் வீடும் இல்லை. 2009 ஆம் ஆண்டில் போர் முடிவுற்ற பின்னர் வீதிகள் திருத்தப்பட்டன. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஓலைக் குடிசை நின்ற இடத்தில் ஓட்டுக் கூரையும் தகரக் கூரையும் கொண்ட கல்வீடுகள் எழுந்தன. எருது பூட்டிய ஏரின் இடத்தை உழவு இயந்திரம் முன்பே பிடித்துவிட்டது; அதனை நிறுத்துவதற்கு ஒரு கொட்டிலும், கொட்டிலுக்கு ஒரு கதவும் வேண்டியதாயிற்று. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற பெண்களின் உழைப்பு, மதிலாகவும் இரும்புக் கேற்றாகவும் உருப்பெற்றது.

இவ்விடத்து மட்டக்களப்பின் சமூக வழக்கு ஒன்றையும் மனங்கொள்ள வேண்டும். இங்கு குடி தாய்வழியே வருவது. வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகச் சேர்வது. ஆகவே, வீடு கட்டுவது பெற்றோரின் வாழ்நாட் பணி; அவ்வீட்டின் முகப்பில் நிற்கும் கேற்று அக்குடும்பத்தின் மதிப்புக்கு அடையாளம். கேற்று பாரமாக இருக்க வேண்டும், உயரமாக இருக்க வேண்டும், வீதியிற் செல்வோர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதனாற் பிறக்கின்றது. அந்த ஆசையிற் குறைகாண இடமில்லை. எல்லாவற்றையும் இழந்து மீண்ட மக்களுக்குப் பூட்டக்கூடிய ஒரு கதவு என்பது வெறும் இரும்பன்று. ஆனால், அந்த இரும்பின் பாரத்தை அளந்து பார்த்தோர் மிகச் சிலரே.

அளந்து பார்ப்பது கடினமான காரியமன்று. 1.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகடு சதுர மீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 12 கிலோகிராம் நிறையுடையது. நான்கு மீற்றர் அகலமும் இரண்டு மீற்றர் உயரமும் கொண்ட ஒரு கேற்றுக்குத் தகடு மட்டுமே 90 கிலோகிராமுக்கு மேல் வரும். சட்டமும் குறுக்குக் குழாய்களும் சில்லுகளும் சேர்ந்தால் நிறை நூறு கிலோகிராமை எளிதிற் கடந்துவிடும். நான்கு வயதுப் பிள்ளை ஒன்றின் நிறையோ 15 அல்லது 16 கிலோகிராம். கீழே தண்டவாளத்தில் ஓடும் இத்தகைய கேற்றை நிமிர்த்திப் பிடித்திருப்பவை மேலே உள்ள இரண்டு சிறு வழிகாட்டி உருளைகளும், ஓட்டத்தின் முடிவில் அதனைத் தடுத்து நிறுத்தும் ஓர் இரும்புத் துண்டுமே. அந்தத் துண்டு ஒட்டப்படாதிருந்தால், அல்லது துருப்பிடித்து உதிர்ந்திருந்தால், வேகமாகத் தள்ளப்பட்ட கேற்று உருளைகளை விட்டு விலகி, முழுப் பாரத்தோடும் சரியும். தள்ளியவர் பக்கமாகவும் சரியலாம். மறுபக்கத்தில் விளையாடும் பிள்ளையின் பக்கமாகவும் சரியலாம்.

நகரத்து வீடுகளின் வாகனக் கொட்டகைகளிலும், கடைகளிலும், அரிசி ஆலைகளிலும் காணப்படும் மேலெழும் கதவு வேறொரு வகையானது. அதன் நிறையைச் சுருள்வில் ஒன்று தாங்குகின்றது. முறுக்கப்பட்ட வில்லில் அடங்கியிருக்கும் ஆற்றல் கதவின் பாரத்தோடு சமநிலையில் நிற்பதனாலேதான், நூறு கிலோகிராம் நிறையுள்ள கதவை ஒரு பெண்மணி ஒரு கையால் உயர்த்த முடிகின்றது. இந்த இலகுத்தன்மை ஒரு மாயத்தோற்றம். பாரம் எங்கும் போய்விடவில்லை. அது வில்லுக்குள் ஒளிந்திருக்கின்றது. வில் முறியும் நாளில், அல்லது அதனைத் தாங்கும் கம்பி அறும் நாளில், மறைந்திருந்த பாரம் முழுவதும் ஒரே கணத்தில் வெளிப்படும். முறுக்கிய வில்லை அநுபவமில்லாதவர் கழற்ற முற்படுவதும் அத்துணை ஆபத்தானதே.

மேலெழும் கதவின் பிறப்பிடம் ஐக்கிய அமெரிக்கா. சீ. ஜீ. ஜோன்சன் என்பவர் 1921 ஆம் ஆண்டில் அதனை அமைத்தார். 1926 ஆம் ஆண்டில் அதனை மின்மோட்டாரால் இயக்கும் பொறியையும் ஆக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் புறநகர் வீடுகள் பெருகியபோது இப்பொறியும் பெருகிற்று. காரிலிருந்து இறங்காமலே, ஒரு பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கவும் மூடவும் முடிந்தமை பெரும் வசதி எனப்பட்டது. ஆனால், கதவை மூடும் கை கதவின் அருகில் இல்லை என்பதே அவ்வசதியின் மறுபக்கம். கையால் இழுத்து மூடுபவர் தடை ஒன்று பட்டவுடன் நிறுத்துவார்; மோட்டாருக்கு அந்த உணர்வு இல்லை. இறங்கும் கதவுக்கு அடியில் ஓடிப் போய் மறுபக்கம் சேர்வது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாயிற்று. அவ்விளையாட்டில் ஒரு கணம் பிந்தியவர்கள் சிக்கிக்கொண்டனர்.

1982 மார்ச்சுக்குப் பிந்திய ஆண்டுகளில், 2 முதல் 14 வயது வரையான ஏறத்தாழ 60 பிள்ளைகள் இத்தகைய தானியங்கிக் கதவுகளின் கீழ் அகப்பட்டு உயிரிழந்ததாக அந்நாட்டின் நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு அறிவித்தது. ஆண்டொன்றுக்கு நான்கு பிள்ளைகள் என்ற கணக்கு அது. கோடிக்கணக்கான வீடுகள் உள்ள நாட்டில் நான்கு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆயின், இறந்த ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலோ அயல்வீட்டிலோ, தன்னை நேசிப்போர் கூப்பிடு தூரத்தில் இருக்கையில், அவர்கள் பணங்கொடுத்து வாங்கிப் பொருத்திய பொருளால் இறந்தது என்பதை எண்ணும்போது அவ்வெண்ணின் கனம் விளங்கும்.

அக்காலத்துப் பொறிகளிலும் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமலில்லை. தடை ஒன்றில் முட்டினால் கதவு மீண்டும் மேலெழ வேண்டும் என்பது முறை. ஆனால் அது முட்டிய பின்னரே வேலை செய்வது. விசையின் அளவைத் தவறாகச் சரிசெய்திருந்தாலோ, கதவு பழையதாகித் தண்டவாளம் கோணியிருந்தாலோ, முட்டிய பொருள் கல்லைப்போல உறுதியாக இல்லாமல் குழந்தையின் உடலைப்போல மென்மையாக இருந்தாலோ, அந்த ஏற்பாடு தோல்வியுற்றது. எனவே 1990 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கச் சட்டமன்றம் இதற்கெனச் சட்ட ஏற்பாடு செய்தது. 1993 சனவரி முதலாந் திகதிக்குப் பின்னர் தயாரிக்கப்படும் ஒவ்வொரு வீட்டுக் கதவுப் பொறியிலும் இரண்டாவது காவல் ஒன்று இருத்தல் வேண்டும் என்பது விதியாயிற்று. அது கதவின் அடிவிளிம்பில் தொடுகையை உணரும் பட்டியாகவோ, கதவின் இருபுறமும் பொருத்தப்படும் மின்கண்ணாகவோ இருக்கலாம்.

மின்கண்ணின் தொழிற்பாடு எளியது. வாயிலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிர் ஒன்று செல்கின்றது. நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றருக்கு மேற்படாத உயரத்தில் அது பொருத்தப்பட வேண்டும். ஏனெனில் தவழும் குழந்தையும் அதன் வழியில் அகப்பட வேண்டும். கதிர் தடைப்பட்டால், இறங்கும் கதவு தொடுவதற்கு முன்னரே திரும்பி மேலெழும். இதைவிடச் சிறப்பான கூறு ஒன்றும் இதில் உண்டு. மின்கண் பழுதடைந்தாலோ, அதன் கம்பி அறுந்தாலோ, கதவு வழமைபோல மூட மறுத்துவிடும். சுவரிலுள்ள பொத்தானைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவைக் கண்ணாற் பார்த்து நின்றால் மட்டுமே அதனை மூடலாம். அதாவது, காவலன் உறங்கிவிட்டால் வாயிலும் இயங்காது. பழுது ஏற்படும்போது ஆபத்தின் பக்கம் சாயாமல் பாதுகாப்பின் பக்கம் சாயும்படி ஒரு பொறியை அமைப்பது பொறியியலின் உயர்ந்த அறங்களுள் ஒன்று.

பிரித்தானியாவிலும் இப்பாடம் துயரத்தின் வழியாகவே கற்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், சில நாள் இடைவெளியில், மான்செஸ்ரரிலும் தென் வேல்சிலும் மின்விசையால் இயங்கும் கேற்றுகளில் அகப்பட்டு இரண்டு சிறுமியர் உயிரிழந்தனர். ஒருத்திக்கு ஆறு வயது, மற்றவளுக்கு ஐந்து. அதன் பின்னர் அந்நாட்டின் சுகாதார, பாதுகாப்பு நிருவாகம் வெளியிட்ட அறிவுறுத்தல்களில், மூடும் விசையைக் கட்டுப்படுத்துவது மட்டும் போதாது என்பதும், தொடுகையுணர் விளிம்பு, மின்கண் முதலிய மேலதிகக் காவல்கள் தேவை என்பதும் வலியுறுத்தப்பட்டன.

இத்தகைய மரணம் நிகழ்ந்த வீட்டில் முதலில் எழும் சொற்கள் எந்நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஒன்று 'விதி', மற்றது 'தாய் பார்த்திருக்கக் கூடாதா' என்பது. முன்னது துயருற்றோர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளும் சொல். அதனைப் பழித்தல் தகாது. பின்னது அயலவரின் சொல். அது ஏற்கெனவே அறுந்த நெஞ்சை மீண்டும் அறுப்பது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாறானவைபோலத் தோன்றினும் விளைவில் ஒன்றே. விதி என்றாலும் தாயின் கவனக்குறைவு என்றாலும் கதவைப் பற்றிய வினா எழாமலே போய்விடுகின்றது. மறுநாளும் அதே கேற்று அதே தண்டவாளத்தில் ஓடுகின்றது. 'விபத்து' என்னும் சொல்லுக்குள்ளேயே தடுக்கவியலாதது என்ற எண்ணம் ஒளிந்திருப்பதைக் கருத்திற்கொண்டு, பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை 2001 ஆம் ஆண்டில் அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லைத் தன் பக்கங்களிலிருந்து விலக்கத் தீர்மானித்தமை இவ்விடத்து நினைக்கத்தக்கது.

காயம் என்பதை விதியின் செயலாகவோ ஒழுக்கக் குறைபாடாகவோ கொள்ளாமல் ஒரு பௌதிக நிகழ்ச்சியாக நோக்கும் சிந்தனையை வளர்த்தவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1961 ஆம் ஆண்டில், உடல் தாங்கும் அளவுக்கு மேற்பட்ட ஆற்றல் உடலைச் சேர்வதே காயம் என்று காட்டினார். மருத்துவரான வில்லியம் ஹாடன் அதனை விரித்து, அந்த ஆற்றலை எவ்வெவ்விடங்களில் தடுக்கலாம் என்பதற்குப் பத்து வழிகளை 1970 களில் வகுத்தார். ஆற்றலைத் திரளவிடாதிருத்தல், திரண்டதைக் குறைத்தல், அது கட்டவிழ்வதைத் தடுத்தல், மனிதரையும் ஆற்றலையும் காலத்தாலும் இடத்தாலும் பிரித்தல், இடையே ஒரு தடுப்பு அமைத்தல் என்பன அவற்றுட் சில. இந்நோக்கிற் பார்த்தால், நூறு கிலோகிராம் கேற்றும் முறுக்கிய வில்லும் ஆற்றற் களஞ்சியங்கள். அக்களஞ்சியம் எப்போது, யார்மீது திறந்துகொள்ளும் என்பதே வினா.

நீதியின் கதை ஒன்றையும் இந்நோக்கில் மறுபடி படிக்கலாம். தேர்க்காலில் அகப்பட்டுக் கன்று இறந்ததும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்ததும், மன்னன் தன் மகனுக்கே மரணதண்டனை விதித்ததும் மனுநீதிச் சோழன் கதையாகத் தமிழிலும், எல்லாளன் கதையாக மகாவம்சத்திலும் போற்றப்படுகின்றன. அரசனின் நடுநிலை பெரிது என்பதில் ஐயமில்லை. எனினும், தண்டனையாற் கன்று மீளவில்லை. கன்றும் குழந்தையும் நடமாடும் தெருவில் தேர் எவ்வளவு வேகத்தில் ஓடலாம், தேர்க்காலின் முன்னே என்ன தடுப்பு அமைக்கலாம் என்று அக்கதையில் எவரும் கேட்பதில்லை. குற்றவாளியைத் தேடுவதில் ஓர் உயர்வு உண்டு; குற்றம் நிகழாதிருக்க வழி தேடுவதில் உயர்வு தோன்றுவதில்லை. நிகழாத ஒன்றைப் பற்றிக் கதை பிறப்பதில்லை அல்லவா?

ஆயினும், அவ்வாறு அமைதியாக வழி தேடியவர்களின் வெற்றிகள் உண்டு. பழைய குளிர்சாதனப் பெட்டிகளுக்கு வெளியிலிருந்து பூட்டும் கொக்கித் தாழ் இருந்தது. ஒளித்து விளையாடிய பிள்ளைகள் கைவிடப்பட்ட பெட்டிகளுக்குள் புகுந்து, உள்ளிருந்து திறக்க முடியாமல் மூச்சடைத்து இறந்தனர். பிள்ளைகளை எச்சரித்தும் பெற்றோரை எச்சரித்தும் அது நிற்கவில்லை. 1956 ஆம் ஆண்டின் ஐக்கிய அமெரிக்கச் சட்டம் பெட்டியின் கதவு உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என விதித்தது. 1958 ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. தாழின் இடத்தைக் காந்தப் பட்டி பிடித்தது. இன்று கரடியனாற்றின் ஒரு கடையில் நிற்கும் குளிர்சாதனப் பெட்டியின் கதவும் காந்தத்தாலேயே மூடிக்கொள்கிறது. அதனைத் திறந்து மூடுவோர் எவரும் அதில் ஒரு குழந்தைக் காவல் அடங்கியிருப்பதை அறியார். நியூயோர்க் நகரிலும் அவ்வாறே. உயர்மாடிச் சன்னல்களிலிருந்து பிள்ளைகள் விழுந்து இறப்பதைத் தடுக்க 1972 ஆம் ஆண்டில் ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது. 1976 ஆம் ஆண்டில், சிறு பிள்ளைகள் வாழும் மாடிவீடுகளுக்கு வீட்டுச் சொந்தக்காரர் சன்னற் கம்பி பொருத்த வேண்டும் என்று நகரச் சுகாதார சபை விதித்தது. அதன்பின் விழுந்து இறந்தோர் தொகை வெகுவாகக் குறைந்தது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பிள்ளையைக் கண்டித்து வளர்த்தாற் போதாதா? முன்னோர் அப்படித்தானே வளர்த்தனர்? இவ்வினாவை எள்ளி ஒதுக்கிவிட முடியாது. கண்டிப்புக்கும் கவனத்துக்கும் இடமுண்டு. கதவின் கீழ் ஓடக்கூடாது, கேற்றில் ஏறித் தொங்கக்கூடாது, பொத்தான் விளையாட்டுப் பொருளன்று என்பவற்றைப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால், முன்னோர் வளர்த்தது கிடுகுப் படலையின் அருகில். அந்தப் படலை பிள்ளையின் தவறுகளை மன்னித்தது. இரும்புக் கேற்று மன்னிப்பதில்லை. மேலும், தாய் வெளிநாட்டில் உழைக்க, தகப்பன் வயலில் நிற்க, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அம்மம்மாதான். "கேற்றடிக்குப் போகாத மனே" என்று அடுப்படியிலிருந்து அவர் குரல் கொடுக்கலாம். மூட்டு நோவோடு எழுந்து முற்றம் கடந்து வர அவருக்கு எடுக்கும் நேரமும், கேற்று சரிய எடுக்கும் நேரமும் ஒன்றல்ல. உலகில் எந்தத் தாயின் கண்ணும் எந்நேரமும் இமையாதிருப்பதில்லை. இமைக்கும் கணத்திலும் குழந்தை உயிரோடிருக்குமாறு வளவை அமைப்பதே பெரியோரின் கடமை.

செலவைப் பற்றிய மறுப்பு இன்னும் நேர்மையானது. மின்கண்ணும் உணர்விளிம்பும் இறக்குமதிப் பொருள்கள்; உழவர் குடும்பத்துக்கு அவை எட்டாதவை எனலாம். ஆனால், படுவான்கரையின் கேற்றுகளிற் பெரும்பாலானவை கையாற் தள்ளப்படுபவை. அவற்றுக்கு வேண்டியவை மின்னணுக் கருவிகளல்ல. மேல்வழியின் இரு முனைகளிலும் கேற்றுத் தாண்டிச் செல்லாதபடி தடுக்கும் இரும்புத் துண்டுகள். உருளை கழன்றாலும் கேற்றுச் சரியாமல் தாங்கும் ஒரு கொளுவி. பிணைச்சற் பக்கத்து இடைவெளியில் விரல் நுழையாதபடி ஒரு மறைப்பு. ஏறுவதற்குப் படிபோல அமையாத, நிமிர்ந்த கம்பிகளைக் கொண்ட சட்டம். இவை யாவும் செங்கலடியில் ஒட்டுவேலை செய்யும் ஒருவரின் பட்டறையில் அரைநாளில் முடியக்கூடியவை. மொத்தச் செலவில் அவற்றின் பங்கு மிகச் சிறிது. கேற்றில் மயிலும் தாமரையும் வளைத்துக் கேட்கும் வீட்டுக்காரர், தடுப்புத் துண்டையும் கேட்கலாம்.

மோட்டார் பொருத்திய கதவு உள்ளவர்களுக்கு வேறு சில ஒழுங்குகள் உண்டு. சுவர்ப் பொத்தான் பிள்ளைக்கு எட்டாதபடி ஒன்றரை மீற்றர் உயரத்தில், கதவைக் கண்ணாற் காணக்கூடிய இடத்தில் இருத்தல் வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை, நான்கு சென்ரிமீற்றர் அளவு தடிப்புள்ள பலகைத் துண்டைக் கதவின் கீழே கிடத்தி அதனை மூடிப் பார்க்கலாம். பலகையில் முட்டிய கதவு திரும்பி மேலெழாவிடின் அதனைத் திருத்தும் வரை மோட்டாரால் இயக்குவதை நிறுத்த வேண்டும். கதவு முழுதாக நிலத்தைத் தொடும் வரை அல்லது முழுதாக மேலே நிற்கும் வரை வீட்டுக்காரர் அவ்விடத்தை விட்டு அகலாதிருத்தல் நன்று. 2022 ஆம் ஆண்டில் இலங்கையில் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலாகவும் மின்வெட்டு நிகழ்ந்த நாள்களில், மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கதவைக் கையால் இயக்க வேண்டியிருந்தது. வில் தளர்ந்த கதவை அவ்வாறு விடுவிப்பது, அது தலைமேல் விழ இடங்கொடுப்பதாகும். எனவே, கதவை மூடிய நிலையிலேயே விடுவித்தல் வேண்டும்.

கதவோடு சேர்த்து எண்ண வேண்டியது கதவுக்குள் நிற்கும் வாகனம். பின்னோக்கி வரும் காருக்கோ உழவு இயந்திரப் பெட்டிக்கோ பின்னால் நிற்கும் சிறு குழந்தை சாரதியின் கண்ணுக்குத் தென்படாது. இத்தகைய இறப்புகளிற் சாரதி பலவேளை அக்குழந்தையின் உறவினராகவே இருப்பது இதன் கொடுமை. ஐக்கிய அமெரிக்காவில் 2008 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாக, 2018 மே மாதம் முதல் புதிய கார்கள் யாவற்றிலும் பின்புறக் கமரா கட்டாயமாயிற்று. உழவு இயந்திரத்துக்கு அத்தகைய கண் இல்லை. ஆகையால், அதனைக் கொட்டிலிலிருந்து எடுக்குமுன் ஒருமுறை சுற்றி வருவதும், பிள்ளையை வீட்டில் உள்ள ஒருவர் கையிற் பிடித்து நிற்பதும், அதுவரை இயந்திரத்தை முடுக்காதிருப்பதும் இன்றியமையாதவை.

கதவுக்குப் பின்னால் திரட்டி வைக்கப்பட்ட ஆற்றல் எத்தகையது என்பதைக் கரடியனாறு தன் வரலாற்றிலேயே ஒருமுறை கண்டிருக்கிறது. 2010 செப்டெம்பர் 17 ஆம் திகதி, வீதி அமைப்பு வேலைக்கென அவ்வூர்ப் பொலிஸ் நிலைய வளவிற் கொள்கலன்களில் வைக்கப்பட்டிருந்த வெடிமருந்து வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர், சுற்றியிருந்த கட்டடங்கள் சிதைந்தன. போர் முடிந்து ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில், போரினால் அன்றி, ஊருக்கு நன்மை தரவந்த ஒரு வேலையின் பொருளால் அது நிகழ்ந்தது. அந்தப் பேரழிவையும் ஒரு வீட்டுக் கேற்றையும் ஒருங்கு நிறுத்துவது பொருந்தாது போலத் தோன்றலாம். அளவிற் பொருந்தாதுதான். ஆயினும், ஹாடன் வகுத்த வழிகளில் ஒன்றான இடத்தாற் பிரித்தல் என்பதன் பொருளை அவ்வூர் மக்களுக்கு எந்த நூலும் விளக்க வேண்டியதில்லை. முன்னேற்றம் வீட்டு வாசலுக்கு வரும்போது தன்னோடு எந்த ஆற்றலைக் கொண்டுவருகின்றது, அது எங்கே வைக்கப்படுகின்றது, அதன் அருகில் யார் நடமாடுகின்றனர் என்று கேட்கும் உரிமை அம்மக்களுக்கு உண்டு.

அவ்வினாவை எழுப்புவதிற் கற்றோருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வந்தாறுமூலையிலே 1981 ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகமாக வளர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் கரடியனாற்றுக்கும் இடைப்பட்ட தூரம் அதிகமன்று. நெம்புகோலின் விதியும் விசைச் சமநிலையும் விரிவுரை மண்டபத்தில் எழுதி அழிக்கப்படுகின்றன; அவ்விதிகள் அடுத்த ஊரின் வாசல்களில் நாள்தோறும் தொழிற்படுகின்றன. ஒட்டுவேலைத் தொழிலாளருக்கென ஒரு நாட் பயிற்சி, வீட்டுத் திட்டத்துக்கு அநுமதி கோரும்போது பிரதேச சபையில் கேற்றின் வரைபடத்தையும் பார்க்கும் ஒரு வழக்கம், கிராமத்துத் தாய்சேய் நிலையங்களில் தடுப்பூசிக்கு வரும் தாய்மாரிடம் இரண்டு வார்த்தை: இவற்றுக்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. ஆனால் ஒன்று வேண்டும். நிகழ்ந்த சாவுக்கு அழுவதைப் போலவே, நிகழக்கூடிய சாவைப் பற்றி வெட்கமின்றிப் பேசும் பழக்கம் வேண்டும். 'வாய்வைக்காதே, பலித்துவிடும்' என்னும் அச்சம் அப்பேச்சைப் பல வீடுகளில் அடக்கி வைத்திருக்கிறது.

வீட்டைப் பெண்ணுக்குக் கொடுக்கும் மட்டக்களப்புப் பெற்றோர், அவ்வீட்டோடு கிணறு, வளவு, தென்னை எல்லாவற்றையும் கணக்கெடுத்தே கொடுக்கின்றனர். கேற்றும் அக்கணக்கிற் சேரும். அது எவ்வளவு பாரம், எதனால் நிமிர்ந்து நிற்கிறது, எந்தத் துண்டு கழன்றால் விழும் என்பவற்றையும் அக்கணக்கிற் சேர்த்துக்கொண்டால், அடுத்த தலைமுறைக்குச் செல்வது முழுமையான சீதனமாகும். உள்ளங்கை அளவுள்ள ஓர் இரும்புத் துண்டைத் தண்டவாளத்தின் முனையில் ஒட்டுவதற்குப் பட்டறைக்காரருக்குச் சில நிமிடங்களே செல்லும். ஒட்டிய பின்னர் எவரும் அதனைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பிள்ளை கேற்றைத் தள்ளும். கேற்று ஓடி அந்தத் துண்டில் முட்டி நிற்கும். பிள்ளை மறுபடியும் விளையாடப் போய்விடும்.